வெந்நி வைக்கிற சோலி

ஏல, இங்கன வா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. நேத்து டீக்கடையில பெரிய பிரசங்கமாம்லா நீ? கூடங்குளம் அணு உலை வெடிச்சா கன்னியாமாரியில இருந்து கயத்தாறு வரைக்கும் ஈ காக்கா மிஞ்சாதுன்னு சொன்னியாம். எதுத்தாப்புல உக்காந்திருந்த ரிட்டயர்டு வாத்தியாரு, ஒரு வாழப்பழம் தின்னா வாரத விடக் கம்மிக் கதிர்வீச்சுதான், பயப்படாதீங்கன்னு சொன்னாராம். ரெண்டு பேரும் குடிச்ச டீயி கடக்காரன் பாக்கி நோட்டுல ஏறியிருக்கு. எனக்கு வந்த சேதியில நிச்சயமானது அது ஒண்ணுதான்.

கிராம சபையில பேசப் போறியாம்லா. பேசு, வேண்டாம்னு சொல்லல. ஆனா மைக்கப் பிடிக்கதுக்கு முந்தி நாலு விசயம் தெரிஞ்சுக்கிடு. நம்ம மாடியில வாடகைக்கு இருந்த எஞ்சினியர்மாருக்குச் சாயங்காலமானா பேச்சுத்துணைக்கு ஆளு கெடையாது. எனக்கும் சோலி கெடையாது. கேட்டுக் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். வாடக பாக்கியோட மாத்தலாகிப் போனவன் ஒருத்தன் உண்டு. அவங்கிட்டதான் நெறையப் படிச்சேன்.

மொதல்ல இத மனசுல போட்டுக்க. கூடங்குளத்துல நடக்குறது வெந்நி வைக்கிற சோலி. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துல கரிய எரிச்சு வெந்நி வைக்கான், இங்கன யுரேனியத்த வச்சு வெந்நி வைக்கான். ஆவி வரும், டர்பைன் சுத்தும், கரண்ட் வரும். 1988-ல ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்துப் போட்டு, 2002-ல கான்கிரீட் கொட்டி, 2013-ல ஓட்டுனது இதுக்குத்தான். என்ன, மூஞ்சி சுருங்கிட்டு?

வெந்நின்னு நான் லேசாச் சொல்லிட்டேன், வைக்கிற விதம் லேசு இல்ல. மூணு தண்ணி இருக்கு, ஒண்ணோட ஒண்ணு சேரக் கூடாது. மொதத் தண்ணி உலைக்குள்ள யுரேனியக் குழாயத் தொட்டுட்டு ஓடும். 320 டிகிரி சூடு, ஆனா கொதிக்காது. காத்து நம்மள அமுக்குற அமுக்கத்தப் போல 150 மடங்குக்கு மேல அமுக்கி வச்சிருக்கான், எப்படிக் கொதிக்கும்? அந்தத் தண்ணி படுக்க வச்ச பெரிய உருளைக்குள்ள குழாய் குழாயாப் போயி, வெளிய இருக்குற ரெண்டாந் தண்ணியக் கொதிக்க வைக்கும். அந்த ஆவிதான் டர்பைன நிமிசத்துக்கு 3,000 சுத்து சுத்த வைக்கும். சுத்தி முடிச்ச ஆவியக் குளிர வச்சு மறுபடி தண்ணியாக்கணும்லா, அதுக்கு மூணாந் தண்ணி, கடத்தண்ணி. நம்ம பயலுவ கடல்ல பாக்குற தண்ணி இந்த மூணாவதுதான். உலையில வாரது 3,000 மெகாவாட் சூடு. அதுல கரண்டாவது 1,000. மிச்சம் 2,000 கடலுக்குத்தான் போவுது. போற தண்ணி கடத்தண்ணிய விட 7 டிகிரிக்கு மேல சூடா இருக்கக் கூடாதுன்னு விதி வச்சிருக்கான். மீன் பிடிக்கிறவங்கிட்டப் பேசும்போது இந்த 7-அ ஞாபகம் வச்சுக்கிடு, கதிர்வீச்ச விட்டுப்போட்டு இதக் கேளு, அவனுக்குப் புரியும், அதிகாரிக்கும் வேர்க்கும்.

இன்னொண்ணு, 1,000 மெகாவாட்டுன்னா ஒரு நாளைக்கு 1,000 யூனிட்டுன்னு பேசிராத. மெகாவாட்டுங்கிறது வேகம், யூனிட்டுங்கிறது நடந்த தூரம். ஒரு உலை நிக்காம 24 மணி நேரம் ஓடுனா 2 கோடியே 40 லட்சம் யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு ஓசியில வாங்குற நாம இத வாயப் பொளந்துட்டுத்தான் கேக்கணும்.

இப்ப யுரேனியத்துக்கு வா. மண்ணுல தோண்டி எடுக்குற யுரேனியம் ஆயிரம் கிலோ இருக்குன்னு வையி. அதுல 7 கிலோதான் வேலைக்காரன், அவன் பேரு யுரேனியம்-235. மிச்சம் 993 கிலோவும் 238. கூட்டத்த நெருக்கிக்கிட்டு நிக்கிற ஆளு. ஒரு நியூட்ரான் வந்து 235-அ முட்டுனா அது ரெண்டாப் பொளந்து, சூட்டக் கெளப்பி, ரெண்டோ மூணோ புது நியூட்ரான வெளிய விடும். அணுக்கருப் பிளவுன்னு புஸ்தகத்துல படிச்சிருப்ப. ஒரு கிலோ 235 முழுசாப் பொளந்தா 2,500 டன்னுக்கு மேல நல்ல நிலக்கரி எரிஞ்ச சூடு. அதுக்குத்தான் இம்புட்டு எடுப்பும்.

புதுசா வந்த நியூட்ரான்ல ஒண்ண 238 முழுங்கும், ஒண்ணத் தண்ணி முழுங்கும், ஒண்ணு தப்பிச்சுப் போயி அடுத்த 235-அப் பொளக்கும். அது பொளந்ததுல ஒண்ணு அடுத்ததப் பொளக்கும். இது தொடர்வினை. ஒண்ணுக்குச் சரியா ஒண்ணுன்னு தொடந்து நடந்துட்டு இருந்தா அதுக்குத்தான் 'கிரிட்டிக்கல்'னு பேரு. 2013 ஜூலை 13 ராத்திரி மொத உலை கிரிட்டிக்கல் ஆச்சு. மறுநாள் டி.வி.யில 'கூடங்குளம் அணு உலை கிரிட்டிக்கல்'னு ஓடுது. ஒங்க ஆச்சி அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "யாருக்குய்யா? பாளையங்கோட்ட ஆஸ்பத்திரியிலயா சேத்திருக்கு?"ன்னு கேட்டா. நீயும் நேத்து 'கிரிட்டிக்கல் நெலமையில ஓட்டுதான்'னு கத்தியிருக்க. ஓடுற உலை அம்புட்டும் வருசம் பூரா கிரிட்டிக்கல்தாம்ல. கிரிட்டிக்கலா இல்லன்னாதான் அது நின்னுபோன உலை.

இதுல ஒரு சூச்சுமம் சொல்லுதேன். ஆயிரம் நியூட்ரான் பொறந்தா, 990-க்கு மேல கண்ணு சிமிட்டுறதுக்கு முன்னாலயே வந்துரும். ஆறேழு மட்டும் பிந்தி வரும், சில நொடி கழிச்சு, சிலது ஒரு நிமிசம் கழிச்சு. அந்த ஆறேழும் பிந்தி வாரதுனாலதான் தொடர்வினையக் கட்டுப்படுத்துற கழிய ஏத்தி எறக்க மனுசனுக்கு நேரம் கெடைக்கு. எல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா எந்த எஞ்சினியராலயும் ஓட்ட முடியாது. ஒன்னய மாதிரி லேட்டா வாரவனாலயும் ஒலகத்துக்கு உபகாரம் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இத மொதமொதல்ல நடத்திக் காட்டுனது 1942 டிசம்பர் 2-ல, அமெரிக்காவுல சிகாகோ பல்கலைக்கழக வெளையாட்டு மைதானத்து மேடைக்கு அடியில. ஃபெர்மின்னு ஒரு இத்தாலிக்காரரு. கிராஃபைட்டுக் கட்டியும் யுரேனியமுமா அடுக்கி, கழிய அங்குலம் அங்குலமா உருவச் சொல்லுதாரு. எல்லாரும் மூச்சப் பிடிச்சுட்டு நிக்கான். திடீர்னு ஒரு பாதுகாப்புக் கழி 'டமார்'னு தானா விழுந்துட்டு. கருவியக் கொஞ்சம் கம்மி அளவுல வச்சிருந்திருக்கான், அம்புட்டுத்தான். ஃபெர்மி என்ன சொன்னாரு தெரியுமா? பசிக்கு, சாப்பிட்டுட்டு வருவோம்னுட்டாரு! போயிச் சாப்பிட்டு வந்து சாயங்காலத்துக்குள்ள முடிச்சாவ. கெடைச்ச சக்தி அரை வாட்டு. டார்ச் லைட்டு பல்பு கூட மினுங்காது. ஆனா அந்த மனுசன் நிதானத்தப் பாரு. பெரிய காரியத்துக்கு நடுவுல சோத்துக்குப் போனவர எனக்குப் பிடிக்கும்.

அதுல கிராஃபைட்டு எதுக்குன்னு கேக்க மாட்டியா? கேளுடா. பொறந்த நியூட்ரான் கண்ணுமண்ணு தெரியாத வேகத்துல ஓடும். அந்த வேகத்துல 235-அப் பொளக்குறது அபூர்வம். வேகத்தக் கொறைச்சாத்தான் பிடிச்சுப் பொளக்கும். கொறைக்கிற சாமானுக்குத் தணிப்பான்னு பேரு. சிகாகோவுல கிராஃபைட்டு, கல்பாக்கத்துல 1983-ல இருந்து கனநீரு, கூடங்குளத்துல நாம குடிக்கிற மாதிரி சாதாத் தண்ணி. சாதாத் தண்ணி நியூட்ரானக் கொஞ்சம் தின்னும். அந்த நட்டத்த ஈடுகட்டத்தான் 235-அ 4 சதவீதம் வாக்குக்குக் கூட்டி வைக்கான், செறிவூட்டுறதுன்னு சொல்லுவான். குண்டுக்கு 90 சதவீதம் வேணும். அதனால, 'அணுகுண்டு மாதிரி வெடிக்கும்'னு மேடையில சொல்லாத. மொத வரிசையில உக்காந்திருக்குற சின்ன எஞ்சினியர் பையன் ஒன்னயக் காயப் போட்டுருவான், பொறவு நீ சொல்லுற நல்ல கேள்வியையும் ஒருத்தனும் கேக்க மாட்டான்.

தணிப்பான் தண்ணியா இருக்குறதுல ஒரு வசதி, தண்ணி போச்சுன்னா தொடர்வினையும் நின்னுபோவும். செர்னோபில்ல 1986-ல தணிப்பான் கிராஃபைட்டு. தண்ணி ஆவியாப் போவப் போவ உலைக்கு வேகம்தான் கூடுச்சு. அந்த ஜாதி வேற, நம்ம ஊருல நிக்கிறது வேற. இன்னும் கேளு, ஆப்பிரிக்காவுல காபோன் நாட்டுல ஓக்லோன்னு ஒரு சுரங்கம். அங்கன பூமியே தானா உலை ஓட்டியிருக்கு, 200 கோடி வருசத்துக்கு முந்தி. 1972-ல பிரான்சுக்காரன் கண்டுபிடிச்சான். சுரங்கத்துல எடுத்த யுரேனியத்துல 235 ஒரு இணுக்கு கொறையுது, எவன் திருடுனான்னு தேடிப் போனா, ஏற்கெனவே எரிஞ்சு போயிருக்கு! அந்தக் காலத்துல 235 மண்ணுலயே 3 சதவீதம் வாக்குல இருந்துச்சு, ஊத்துத்தண்ணி தணிப்பானா நின்னுச்சு. அரை மணி நேரம் எரியும், தண்ணி ஆவியாப் போனதும் நிக்கும், ரெண்டரை மணி நேரம் ஆறி, தண்ணி ஊறுனதும் மறுபடி எரியும். ஷிப்டு போட்டு வேல பாத்திருக்கு. டெண்டரும் இல்ல, திறப்பு விழாவும் இல்ல.

'ஆறி'ன்னு சொன்னேன் பாரு, அங்கனதான் நீ காத வைக்கணும்.

உலைய நிறுத்துறது பெரிய வித்த இல்ல. கட்டுப்படுத்துற கழிய மின்காந்தம் பிடிச்சுத் தொங்கவிட்டிருக்கு. கரண்டு போனாப் பிடி விட்டுரும், கழி தன் கனத்துலயே உள்ள விழும், நாலு நொடி போல. தொடர்வினை செத்துரும். 'பாத்தியா, ஒரு பட்டன்ல நின்னுரும்'னு பெரிய அதிகாரி கூட்டத்துல சொல்லுவாரு. சத்தியமா உண்மை. அவரு சொல்லாம விட்டது அடுத்த வரி.

நான் உவமை சொல்லுற ஆளு இல்ல. உவமையிலதான் ஊரு ஏமாறுது. இதுக்கு மட்டும் ஒண்ணு தாரேன். கருப்பட்டி காச்சுற அடுப்பப் பாத்திருக்கியா? வெறக அம்புட்டையும் உருவி வெளிய போட்டாலும், உள்ள கெடக்குற தணல்ல பாகு பொங்கிட்டுத்தான் இருக்கும். துடுப்பப் போட்டுட்டு வெத்தல போடப் போனவன் வந்து பாத்தா அடி பிடிச்சு, சட்டி வெடிச்சுக் கெடக்கும். உலையிலயும் அதே கததான். பொளந்த துண்டு துணுக்கெல்லாம் கதிரியக்கத்தோட கெடக்கு. அது சிதைஞ்சுட்டே இருக்கும், சூடு வந்துட்டே இருக்கும். அதுக்குக் கழியும் கெடையாது, பட்டனும் கெடையாது. நிறுத்துன நிமிசத்துல 6, 7 சதவீதம். 3,000 மெகாவாட்டுல 7 சதவீதம்னா 200 மெகாவாட்டுக்கு மேல, 'நின்னுபோன' உலையில! ஒரு மணி நேரங் கழிச்சு 40-ஓ என்னமோ. ஒரு நாள் கழிச்சும் 15 மெகாவாட்டு வாக்குல. அதுக்குப் பேரு சிதைவு வெப்பம். இத எடுத்துட்டே இருக்கணும். தண்ணி ஓட்டணும். தண்ணி ஓட்டப் பம்பு வேணும். பம்புக்குக் கரண்டு வேணும். கரண்டு தயாரிக்கிற எடத்துக்கு, தயாரிப்ப நிறுத்துன பொறவுதான் வெளிய இருந்து கரண்டு கட்டாயம் வேணும்ல! நம்ம ஊருல ராத்திரி கரண்டு போச்சுன்னா நான் மானத்தப் பாத்துட்டுப் படுத்துருவேன். அவனால முடியாது.

ஃபுகுஷிமாவுல நடந்தது இதுதான். 2011 மார்ச் 11, பூமி குலுங்குனதும் ஓடிட்டிருந்த உலை எல்லாம் ஒழுங்கா நின்னுச்சு. வெளிக் கரண்டு அந்துச்சு, டீசல் ஜெனரேட்டர் ஓடுச்சு. ஒரு மணி நேரத்துக்குள்ள 14 மீட்டர் அலை வந்து ஜெனரேட்டர முக்கிட்டு. ஜெனரேட்டர கீழ்த்தளத்துல வச்சிருந்தான். கடலோரத்துல மோட்டாரப் பள்ளத்துல வைக்கிற கூறு நம்ம ஊரு ஒயர்மேனுக்கும் வராது. பொறவு சிதைவு வெப்பத்துல தண்ணி வத்தி, மூணு உலை உருகிப் போச்சு. சூடேறுன ஆவியும் எரிபொருளு மேல இருக்குற ஜிர்க்கோனியம் உறையும் சேந்து ஹைட்ரஜன் வாயுவக் கக்குச்சு. டி.வி.யில கூரை பறந்ததப் பாத்தியே, அது அந்த ஹைட்ரஜன். அணு வெடிக்கல.

கல்பாக்கத்துலயும் 2004 டிசம்பர் 26 சுனாமியில கடத்தண்ணி பம்பு அறைக்குள்ள வந்துச்சு. ஓடிட்டிருந்த உலைய நிறுத்தி, பத்திரமா ஆற வச்சாவ. அத நான் மறைக்க மாட்டேன். ஆனா அங்கன குடியிருப்புல அலையில போன உசுரு போனதுதான்.

கூடங்குளத்துல கரண்டு இல்லாமலே ஆற வைக்க ஒரு வழி வச்சிருக்கான். கட்டடத்து மேல காத்துல குளிருற பெட்டி இருக்கு. ஆவி தானா மேல போயி, காத்துல குளுந்து, தண்ணியாக் கீழ எறங்கும், பம்பு இல்லாம. எல்லாம் கைவிட்டு உருகிட்டாலும், உருகுனதப் பிடிச்சு வைக்க அடியில ஒரு பெரிய ஏற்பாடு இருக்கு. நல்ல ஏற்பாடுதான்னு நானும் சொல்லுதேன். அப்ப நீ என்ன கேக்கணும்? 'வெடிக்குமா'ன்னு கேக்காத. 'அணைச்ச பொறவு ஆற வைக்கிறது யாரு, எதுல, எத்தன நாளைக்கி? அந்தக் காத்துப் பெட்டியக் கடைசியா எப்ப சோதிச்சிய?'ன்னு கேளு. அதுக்கு 'ஒண்ணும் ஆவாது'ன்னு பதில் சொல்ல முடியாது. தேதி சொல்லணும்.

வாத்தியாரோட வாழப்பழத்துக்கு வாரேன். அவரு சொன்னது பொய் இல்ல. வாழப்பழத்துல பொட்டாசியம் இருக்கு, அதுல ஒரு துளி கதிரியக்கம். ஒனக்குள்ளயும் இருக்கு: ஒரு ஆளு ஒடம்புல பொட்டாசியம் மட்டும் நொடிக்கு 4,000 அணு போல சிதையுது. நொடிக்கு ஒண்ணு சிதைஞ்சா ஒரு பெக்கரல். அப்ப நீ 4,000 பெக்கரல்ல! அதனால எவனாவது 'பத்தாயிரம் பெக்கரல்!'னு கூவுனா ஓடாத, 'எதுல? ஒரு லிட்டர்லயா, ஒரு ஏக்கர்லயா?'ன்னு கேளு. ஒடம்புக்கு எம்புட்டு ஏறுச்சுங்கிறது வேற கணக்கு, அது சீவர்ட்டு. அதுல ஆயிரத்துல ஒரு பங்கு மில்லிசீவர்ட்டு. மண்ணு, மானம், காத்து, சோறுன்னு சும்மா இருக்குறவனுக்கே ஒலகத்துல சராசரி வருசத்துக்கு 2.4 ஏறுது. மணவாளக்குறிச்சி மண்ணுல மோனசைட்டு கெடக்கு, அதுல தோரியம். அங்கன இன்னும் கூட. உலையால சனத்துக்கு ஏறுறது வருசத்துக்கு 1-அத் தாண்டக் கூடாது, உள்ள வேல பாக்குறவனுக்குச் சராசரி 20. அவன் மார்ல ஒரு சின்ன பேட்ஜ் தொங்கும் பாத்திருக்கியா, அது படம் காட்டுறதுக்கில்ல. எம்புட்டு வாங்குனான்னு கணக்கு வைக்கிறது. ஒப்பந்தக்காரங்கிட்டக் கூலிக்குப் போற நம்ம பயலுவளுக்கும் அது உண்டான்னு, அந்தக் கணக்கு அவன் கைக்கு வருதான்னு கேளு. வாழப்பழம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கதிரு பட்டவனத் தொட்டா நமக்கும் ஒட்டிக்கிடும்னு நெனைக்காத. எக்ஸ்ரே எடுத்துட்டு வந்த ஆச்சி பக்கத்துல நான் படுக்கலியா? கதிரியக்கத் தூசி ஒடம்புல ஒட்டுறதும், மூச்சுலயும் சோத்துலயும் உள்ள போறதும்தான் வேற கத. அப்ப எந்தச் சாமான்னு பாக்கணும். அயோடின்-131-க்கு அரை ஆயுசு 8 நாளு. எட்டு நாள்ல பாதி, பதினாறுல கால். சீக்கிரம் போயிரும், ஆனா வந்த ஒடனே தொண்டையில தைராய்டப் பிடிக்கும். அதுக்குத்தான் அயோடின் மாத்திரை. அது மத்த எந்தச் சாமானையும் தடுக்காது, வருமுன்ன அடைச்சு வைக்கிறது மட்டுந்தான். சீசியம்-137-க்கு 30 வருசம். ஒன் பேரன் காலத்துலயும் நிலத்துல கெடக்கும். புளூட்டோனியம்-239-க்கு 24,000 வருசம். ஆயுசு கம்மின்னா ஆட்டம் ஜாஸ்தி, ஆயுசு கூடுனா ஆட்டம் மெதுவு. 'ஆயிரக்கணக்கான வருசம்!'னு சொன்னதும் அதுதான் பெரிய பூதம்னு முடிவு பண்ணாத. எட்டு நாள்ச் சாமான்தான் மொத வாரத்துல கடிக்கும்.

கடைசியா எரிஞ்ச எரிபொருளு. 1988-ல பேசும்போது அத ரஷ்யாக்காரன் திருப்பி எடுத்துட்டுப் போவான்னு இருந்துச்சு. 1998-ல துணை ஒப்பந்தம் போட்டு நம்மகிட்டயே இருக்கட்டும்னு ஆச்சு. குப்பைன்னு சொன்னா எஞ்சினியர்மாருக்குக் கோவம் வரும். அதுக்குள்ள மிச்ச யுரேனியமும் புளூட்டோனியமும் இருக்கு, பிரிச்சு எடுத்து கல்பாக்கத்து வேக ஈனுலையில போடலாம், பொறவு தோரியத்துக்குப் போவலாம், ஹோமி பாபா அந்தக் காலத்துலயே மூணு கட்டமா எழுதி வச்சுட்டாருன்னு சொல்லுவாவ. சரிதான். அந்த 500 மெகாவாட்டு ஈனுலைக்கு வேல ஆரம்பிச்சது 2004. உலைக்குள்ள சாமான் அடுக்க ஆரம்பிச்சதே 2024. மூணாங் கட்டத்த ஒன் பேரன் பாத்தா எனக்கும் ஒரு கடுதாசி போடச் சொல்லு. அதுவரைக்கும் எரிஞ்சது வருசக்கணக்காத் தண்ணித் தொட்டியில கெடந்து ஆறணும். அங்கயும் அதே ஆறுற சோலிதான்.

அதனால கூட்டத்துல கத்தாத. கத்துனா மைக்கு நின்னுரும், அதுக்கு நாலு நொடி கூட ஆவாது. மூணே கேள்வி வெள்ளத்தாள்ல எழுது. ஆற வைக்கிற காத்துப் பெட்டியச் சோதிச்ச தேதி. கூலிக்காரன் பேட்ஜ்க் கணக்கு யாரு கையில. தொட்டியில இப்ப எத்தன கட்டு எரிபொருளு கெடக்கு, அது நெறைஞ்சா எங்க போவும். கீழ தேதி போட்டு, ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணுல சீல் குத்தி வாங்கு. சீல் இல்லன்னா நீ கேக்கவே இல்லன்னு சொல்லிருவாவ. பதில் வந்தா எங்கிட்டத்தான் மொதல்ல கொண்டு வரணும், என்ன? வாசிச்சுக் காட்டு, கண்ணாடிய ஒங்க ஆச்சி எங்க வச்சாளோ தெரியல. போறபோக்குல டீக்கடையில அந்த ரெண்டு டீக்காசையும் குடுத்துரு, வாத்தியாரு குடுக்க மாட்டாரு.